தலையைத் தொடாத தலைத் தசை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வாடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மெட்ரோவில் கேட்குறீங்களா, இல்ல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்குறீங்களா தெரியல. எங்க இருந்தாலும் சரி, இந்த எபிசோடுக்கு நடுவுல உங்க ரெண்டு கையும் எனக்கு ஒரு நிமிஷம் வேணும். வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா மட்டும் வேண்டாம், அதை வீட்டுக்குப் போய்ப் பண்ணிக்கலாம்.

முதல்ல ஒரு தலைவலிக் கதை.

போன வருஷம் நாலு மாசம் எனக்கு ஒரு தலைவலி இருந்தது. வலது கண்ணுக்குப் பின்னாடி யாரோ கட்டை விரலை வெச்சு அழுத்துற மாதிரி. சாயங்காலம் நாலு மணிக்கு டீ வருதோ இல்லையோ, வலி வந்துடும். கூடவே சில நாள் ஒரு மாதிரி மிதப்பு. சுத்தல்னு சொல்ல முடியாது, தரை கொஞ்சம் மெத்தை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கண் டாக்டர்கிட்ட போனேன். பவர் அப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டார். மெடிக்கல் ஷாப்பில் சைனஸ் மாத்திரை கொடுத்தாங்க, ஒண்ணும் கேட்கல. ஊர்ல இருந்து அம்மா, "எண்ணெய் தேய்ச்சுக் குளிடா, எல்லாம் சூடுதான்" என்றார். குளிச்சேன். மறுநாள் நாலு மணிக்கு வலி சரியா வந்து உட்கார்ந்தது.

அப்புறம் நீங்க எல்லாரும் செய்யுற அதே தப்பை நானும் செஞ்சேன். ராத்திரி ஒரு மணிக்கு கூகுள். நாலாவது லிங்க்லயே மூளைக்கட்டி வந்துடுச்சு. அன்னைக்குத் தூங்கல. ரூம்மேட் எழுந்து லைட்டைப் போட்டு, "என்னடா, அழுறியா?" என்று கேட்டான். இல்லைன்னு சொன்னேன். அது பொய்.

கடைசியில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்தேன். அவர் கை, கால், கண், பேச்சு, நடை எல்லாத்தையும் நிதானமாகச் சோதித்துவிட்டு, "இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். பக்கத்து ரூம்ல ஃபிசியோதெரபிஸ்ட் இருக்காங்க, கழுத்தைக் காட்டுங்க" என்றார். கண் வலிக்கு எதுக்குக் கழுத்துன்னு எனக்கு எரிச்சல்.

அந்த மேடம் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, பிடரியில் மண்டையோட்டுக்குக் கொஞ்சம் கீழே, வலது பக்கம், ஒரு இடத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். பத்து செகண்ட் இருக்கும். வலது கண்ணுக்குப் பின்னாடி அதே கட்டை விரல் வந்து உட்கார்ந்தது.

"இதானே தம்பி?"

அதேதான். நாலு மாசமா என்னைத் தூங்கவிடாத அந்த வலியை, ஒருத்தர் பிடரியில் விரல் வெச்சு வரவழைச்சுக் காட்டினார். அவர் விரலுக்குக் கீழே ஆழத்தில் இருந்த ஒரு தசையைப் பத்திதான் இன்னைக்கு எபிசோடு.

பெயரே ஒரு குழப்பம்

அந்தத் தசையோட லத்தீன் பெயர் ஒப்ளிகஸ் கேப்பிடிஸ் இன்ஃபீரியர். ஒப்ளிகஸ்னா சாய்வானது. கேப்பிடிஸ்னா தலையோடது. இன்ஃபீரியர்னா கீழே இருப்பது. ஆக, தலையின் கீழ்ச் சாய்தசை. இனிமே கீழ்ச் சாய்தசைன்னே சொல்றேன்.

இதில் வேடிக்கை என்னன்னா, பெயரில் தலை இருக்கிறதே தவிர, இது மண்டையோட்டைத் தொடுவதே இல்லை. "கேப்பிடிஸ்" என்று பெயர் வைத்த மற்ற தசைகள் எல்லாம் ஏதாவது ஒரு முனையில் மண்டையோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இது ஒன்றுதான் விதிவிலக்கு. இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மட்டும் ஓடுகிறது. ஆனாலும் நம் தலை திரும்புவதில் இதற்கு முக்கியமான பங்கு உண்டு. எப்படின்னு பார்க்கணும்னா, முதல்ல அந்த ரெண்டு எலும்பு.

நம் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். மேலே இருக்கும் முதல் எலும்பின் பெயர் அட்லஸ். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் சுமப்பவனின் பெயர் அது. இங்கே சுமப்பது மண்டையை. மற்ற முள்ளெலும்புகளுக்கு முன்பக்கம் ஒரு தடித்த உடல் பகுதி இருக்கும். அட்லஸுக்கு அது கிடையாது. வெறும் வளையம், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒரு நீட்சி.

இரண்டாவது எலும்பின் பெயர் ஆக்ஸிஸ். அதன் உடலிலிருந்து மேல்நோக்கி ஒரு பல் மாதிரி முளை கிளம்பி, அட்லஸ் வளையத்துக்குள் நிற்கும். பழைய வீட்டு மரக்கதவு பார்த்திருக்கீங்களா? கீல் இருக்காது. கதவின் ஓரத்தில் மேலேயும் கீழேயும் ஒரு குடுமி இருக்கும், அது குழியில் உட்கார்ந்து சுழலும். தாத்தா வீட்டுக் கதவு கிறீச்னு திறக்கும்போது சுழல்வது அந்தக் குடுமிதான். நம் கழுத்திலும் அதே ஏற்பாடு. என்ன ஒண்ணு, இங்கே குடுமி நிலையாக நிற்கிறது, வளையம் அதைச் சுற்றித் திரும்புகிறது.

"ஆமாம்" என்று தலையை ஆட்டும்போது வேலை செய்யும் முக்கியமான மூட்டு, மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் நடுவில். "இல்லை" என்று ஆட்டும்போது, அட்லஸுக்கும் ஆக்ஸிஸுக்கும் நடுவில். தலையை முழுசாக ஒரு பக்கம் திருப்புகிறோம் என்றால், அந்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில்தான் நடக்கிறது. மீதிப் பாதியை மற்ற கழுத்து மூட்டுகள் எல்லாம் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கின்றன.

இப்ப உங்க கை

சரி, கையைக் கொண்டு வாங்க. பின்னந்தலையில் நடுவில் ஒரு விரலை வையுங்க. மேடாக ஒரு எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து நடுக்கோட்டில் மெதுவாகக் கீழே இறங்குங்க. ஒரு பள்ளம் வரும். பள்ளத்தைத் தாண்டினதும் முதன்முதலாக ஒரு எலும்பு முண்டு தட்டுப்படுதா? அதுதான் ஆக்ஸிஸின் முள். கீழ்ச் சாய்தசை புறப்படும் இடம் அது.

போய்ச் சேரும் இடம், அட்லஸின் பக்க இறக்கையின் நுனி. காதுக்குப் பின்னாடி இருக்கும் எலும்பு முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே, தாடை எலும்புக்குப் பின்னாடி, ஒரு பள்ளம் இருக்கும். அதன் ஆழத்தில் அந்த நுனி. அங்கே அழுத்த வேண்டாம், வலிக்கும். இடம் தெரிந்தால் போதும்.

இப்ப இந்த ரெண்டு இடத்தையும் மனசுல ஒரு கோடு போட்டு இணைங்க. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்த கோடு. உங்க சுண்டு விரல் நீளம்கூட வராது. அந்தக் கோடுதான் நம்ம தசை. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

வலது தசை சுருங்கினால் என்ன ஆகும்? அட்லஸின் வலது இறக்கையைப் பின்பக்கமாக இழுக்கும். வளையம் குடுமியைச் சுற்றி வலது பக்கம் திரும்பும். வளையத்தின் மேல் மண்டை உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் கூடவே திரும்பும். நாம் உட்கார்ந்திருக்கும் சுழல் நாற்காலியை யாராவது திருப்பினால் நாமும் திரும்புவோம் இல்லையா, அதே கதை. தலையைத் தொடாமலே தலையைத் திருப்புவது இப்படித்தான்.

இதுக்கு இன்னும் மூணு கூட்டாளிகள் உண்டு. மேல் சாய்தசை ஒன்று, நேராக ஏறும் தசைகளில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. தோலுக்குக் கீழே டிரபீசியஸ் என்ற பெரிய தசை, அதுக்கும் கீழே இன்னும் கனமான தசைகள், அதுக்கெல்லாம் அடியில்தான் இந்த எட்டுப் பேர் குடித்தனம். அதனால், நாம தடவிப் பார்க்கும்போது கைக்குத் தட்டுப்படுவது பெரும்பாலும் மேலே இருக்கும் பெரிய தசைகள்தான்.

இன்னொரு சின்னச் சோதனை. ரெண்டு கை விரல் நுனிகளையும் பின்னந்தலை எலும்புக்குக் கீழே மென்மையாக வையுங்க. கண்ணை மூடிக்கோங்க. தலையை அசைக்காமல், மூடின இமைக்குள்ளேயே கண்ணை வலது ஓரத்துக்குக் கொண்டு போங்க. இப்ப இடது ஓரம். மறுபடி வலது.

விரலுக்குக் கீழே மெல்லிசா ஏதோ இறுகித் தளருதா? பல பேருக்குத் தெரியும், சில பேருக்குத் தெரியாது. இத்தனை ஆழத்தில் எந்தத் தசை அசைகிறது என்று விரலை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடி மாதிரி மெல்லிய கம்பி மின்முனைகளைக் கீழ்ச் சாய்தசைக்குள்ளேயே செலுத்திப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து இந்தத் தசையின் மின் செயல்பாடு மாறுவதை அவை பதிவு செய்திருக்கின்றன. கண்ணும் பிடரியும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன.

வேலூரில் எண்ணிப் பார்த்தார்கள்

இவ்வளவு சின்னத் தசைக்குப் பெரிய பலம் ஒண்ணும் கிடையாது. தலையை வேகமாகத் திருப்ப, கழுத்தின் பக்கவாட்டில் கயிறு மாதிரி புடைத்து நிற்குமே, அந்தப் பெரிய தசைகள் இருக்கின்றன. அப்ப இது எதுக்கு?

இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான துப்பு நம்ம வேலூரிலிருந்து வந்தது. சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001-ல் 'நியூராலஜி இந்தியா' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதக் கருக்களின் பிடரித் தசைகளை எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் ஒரே ஒரு பொருளை எண்ணினார்கள். அதன் பெயர் மஸில் ஸ்பிண்டில். தமிழில் தசைக் கதிர் என்று சொல்லலாம். நூல் நூற்கும் கதிர் நடுவில் பருத்து இரண்டு முனையிலும் மெலிந்து இருக்குமே, இதற்கும் அதே வடிவம்.

தசைக் கதிரின் வேலை இழுப்பது கிடையாது, அளப்பது. தசை இப்போது எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற தகவலை அது விடாமல் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டும் உங்க மூக்கை உங்களால் தொட முடிகிறதே, அதற்குப் பின்னால் இந்த மாதிரி உணரிகள்தான் இருக்கின்றன.

வேலூர் கணக்கு இது. ஒரு கிராம் தசைக்கு, நேராக ஏறும் தசையில் 98 கதிர்கள். மேல் சாய்தசையில் 190. நம்ம கீழ்ச் சாய்தசையில் 242.

இந்த 242-ஐ இணையத்தில் பார்த்திருப்பீங்க. கை, முதுகுத் தசைகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்து, இத்தனை மடங்கு அதிகம் என்று போஸ்டர் போட்டிருப்பாங்க. கொஞ்சம் நிதானம் தேவை. ஆய்வு செய்தது கருவின் தசையை. அந்தத் தசையின் எடை மிகக் குறைவு, அதனால் கிராம் கணக்கில் எண்ணிக்கை தானாகவே ஏறும். வளர்ந்த ஆளின் முதுகுத் தசையோடு அதை நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயம் இல்லை. ஆனால் அதே ஆய்வுக்குள், அதே கருக்களில், அக்கம்பக்கத்துத் தசைகளை ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டில் கீழ்ச் சாய்தசைதான் முதலிடம். பிடரியின் ஆழ்தசைகளில் கதிர்கள் நெருக்கமாக இருக்கின்றன என்பதை வேறு ஆய்வுகளும் காட்டுகின்றன.

அப்ப இந்தத் தசையைச் சின்ன மோட்டார் என்பதைவிட, கொஞ்சம் இழுக்கவும் தெரிந்த அளவுகோல் என்று புரிந்துகொள்வது பொருத்தம்.

எதை அளக்கிறது? உடம்புக்கு மேல் தலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை. இது ஏன் முக்கியம்? சமநிலைக்கான உறுப்பு உள்காதில் இருக்கிறது. அது தலையின் அசைவை மட்டும்தான் சொல்லும். தலை சாய்ந்தது என்று அது சொன்னால், தலை மட்டும் சாய்ந்ததா, இல்ல முழு உடம்பும் விழப் போகிறதா? அந்த வித்தியாசத்தைச் சொல்லக் கழுத்திலிருந்து வரும் தகவல் வேண்டும். கண், உள்காது, கழுத்து, மூன்றும் சொல்வதை ஒத்துப் பார்த்துத்தான் மூளை "நாம நேரா நிக்கிறோம்" என்று முடிவு செய்கிறது.

இந்தத் தகவலைத் துண்டித்தால் என்ன ஆகும் என்று 1977-ல் வெளியான ஒரு ஆய்வு பார்த்தது. கழுத்தின் மேல் பகுதியில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். விலங்குகளுக்கும் போட்டார்கள், மனிதர்களுக்கும் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு நடை தடுமாறியது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிற உணர்வு வந்தது. உள்காதில் கை வைக்கவில்லை. பிடரியை மரத்துப்போக வைத்ததே போதுமானதாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மெத்தைத் தரை ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே ஜாக்கிரதையாகப் பேசணும். கழுத்தால் வரும் தலைச்சுற்றல் என்று ஒரு நோயறிதல் இருக்கிறதா, அதை எப்படி உறுதி செய்வது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. உள்காது, ரத்த அழுத்தம், மூளை எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் கழுத்தின் பக்கம் திரும்புவார்கள். சுத்துதுன்னா உடனே பிடரியைப் பிடித்துவிட ஆரம்பிக்காதீங்க.

கழுத்தில் அழுத்தினால் கண்ணில் ஏன் வலிக்கிறது?

என் கேள்வியே இதுதானே. இதற்கு உடற்கூறியலில் தெளிவான பதில் இருக்கிறது.

முகத்தின் உணர்வை, நெற்றி, கண் சுற்றுப்புறம் உட்பட, மூளைக்குக் கொண்டு போவது டிரைஜெமினல் என்ற நரம்பு. கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் பிடரியின் உணர்வைக் கொண்டு போகின்றன. இந்த ரெண்டு தரப்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து, ஒரே செல்களிடம் தகவலை ஒப்படைக்கின்றன. ரெண்டு தெருக் கடிதமும் ஒரே பெட்டியில் விழுகிற மாதிரி. பிடரியிலிருந்து வலித் தகவல் தொடர்ந்து வந்தால், அது கண்ணிலிருந்து வருகிறது என்று மூளை தப்பாக எடுத்துக்கொள்ளலாம். மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இதே வகைக் குழப்பம்தான்.

இன்னொரு அக்கம்பக்கச் சங்கதியும் இருக்கிறது. பின்னந்தலைத் தோலுக்கு உணர்வு தரும் பெரிய நரம்பு ஒன்று, சரியாகக் கீழ்ச் சாய்தசையின் கீழ் விளிம்பைச் சுற்றி வளைந்து, பிறகு மேலே ஏறுகிறது. அந்த நரம்பு எரிச்சலடைந்தால் பிடரியிலிருந்து உச்சந்தலை வரை சுரீர் சுரீரென்று இழுக்கும்.

மூன்றாவது சங்கதி இந்தக் கூட்டத்தில் இருக்கும் குட்டித் தசையைப் பற்றியது. அட்லஸுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஓடும் சின்ன நேர்தசை. 1995-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஹாக் குழுவினர், இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். அந்தத் தசையிலிருந்து ஒரு இணைப்புத் திசுப் பாலம் எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக உள்ளே போய், தண்டுவடத்தை மூடியிருக்கும் டியூரா என்ற உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் கீழ்ச் சாய்தசைக்கும் அப்படி ஒரு பிணைப்பு இருப்பதாகக் காட்டின. டியூராவுக்கு வலி தெரியும். அதனால், பிடரித் தசை இறுகினால் இந்தப் பாலம் வழியாகத் தலைவலி வருமா என்ற கேள்வி எழுந்தது. பாலம் இருக்கிறது என்பது உறுதி. அதனால்தான் தலைவலி என்பது இன்னும் உறுதியாகவில்லை. தலையை நிமிர்த்தும்போது உறை மடிந்து தண்டுவடத்தை அழுத்தாமல் இழுத்துப் பிடிப்பதுதான் அதன் வேலை என்று சொல்பவர்களும் உண்டு.

27 கிலோ கதை

"தம்பி, லேப்டாப்பை எங்க வெச்சு வேலை பார்க்கறீங்க?" இதுதான் மேடம் கேட்ட ரெண்டாவது கேள்வி.

கட்டில்ல. தலையணை மேல லேப்டாப். இந்த பாட்காஸ்டை எடிட் பண்றதே அப்படித்தான், ஒரு எபிசோடுக்கு ஏழெட்டு மணி நேரம்.

இங்கே ஒரு புகழ்பெற்ற எண் வரும். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று. இது 2014-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் வெளியிட்ட கணக்கு. கணினி மாதிரியில் போட்ட கணக்கு, யார் கழுத்திலும் அளந்தது கிடையாது. தலையின் எடை எப்பவும் கிட்டத்தட்ட 5 கிலோதான். குனியும்போது அதை விழாமல் பிடித்து நிறுத்தத் தசைகள் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் உண்மை. போனைப் பார்த்தாலே கழுத்து போய்டும் என்று பயமுறுத்த அந்த எண் போதாது. குனிந்து போன் பார்க்கிற பல பேருக்குக் கழுத்து வலியே வருவதில்லை.

என் விஷயத்தில் பிரச்சினை குனிவது மட்டும் இல்லை. முதுகு வளைந்து உட்கார்ந்து, முகத்தை மட்டும் நிமிர்த்தித் திரையைப் பார்த்தேன். இப்பவே செய்து பாருங்க. முதுகைக் கூன் போடுங்க, ஆனால் எதிர்ச் சுவரைப் பாருங்க. தாடை முன்னாடி போகும், பின்னந்தலை பிடரிக்குள் இறங்கும். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் போஸ். இதில் கழுத்தின் கீழ்ப் பகுதி முன்னால் வளைகிறது, மேல் பகுதி பின்னால் மடங்குகிறது. அந்த எட்டுச் சின்னத் தசைகளும் குறுகின நிலையிலேயே மணிக்கணக்காக நிற்க வேண்டும். அளப்பதற்கென்று இருப்பவர்களை மூட்டை தூக்கச் சொன்ன மாதிரி.

சலூன் நாற்காலி

இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிடுறேன், ஏன்னா இந்த எபிசோடு பண்ண உண்மையான காரணம் இதுதான்.

வலி ஆரம்பிச்ச மூணாவது மாசம், முடி வெட்டப் போன இடத்துல தலை மசாஜ் பண்ணாங்க. சுகமா இருந்தது. "அண்ணே, கழுத்து ரொம்ப டைட்டா இருக்கு, எடுத்து விடவா?" என்று கேட்டார். சரின்னேன். தாடையைப் பிடிச்சு வலது பக்கம் ஒரு சொடக்கு. அப்புறம் இடது பக்கம். ரெண்டாவது சொடக்குக்கு அப்புறம் கண்ணாடியில் என் முகம் ஒரு செகண்ட் வழுக்கிப் போன மாதிரி இருந்தது. எழுந்திரிக்கும்போது நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு. காசு கொடுத்துட்டு வந்துட்டேன்.

பொது மருத்துவரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் முதன்முதலாக மாறியது. "இனிமே யாரும் உன் தாடையைப் பிடிச்சுத் திருப்பக் கூடாது" என்றார். அதுவரைக்கும் "நீங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர் "உன்" என்றார்.

ஏன் என்பதற்கான பதில் நம்ம தசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ச் சாய்தசை, மேல் சாய்தசை, பெரிய நேர்தசை, மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் போடுகின்றன. அந்த முக்கோணத்தின் தரையில், அட்லஸ் வளையத்தின் மேல் ஒரு பள்ளத்தில், ஒரு ரத்தக் குழாய் படுத்திருக்கிறது. பெயர் வெர்டிப்ரல் தமனி. கழுத்தெலும்புகளின் பக்க ஓட்டைகள் வழியாக ஏறி வந்து, அட்லஸில் சட்டென்று பின்பக்கம் வளைந்து, பிறகு மண்டைக்குள் நுழைகிறது. மூளைத் தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொண்டு போவது இதுதான். தலை அதிகம் திரும்பும் மூட்டும், தமனி அதிகம் வளையும் இடமும் ஒன்றுதான்.

கழுத்தைச் சடாரென்று திருகினால், அபூர்வமாக, இந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அது மேலே போனால் பக்கவாதம். 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும் பக்கவாதத்துக்குக் கழுத்துத் தமனிக் கிழிசல் ஒரு முக்கியமான காரணம். சொடக்கு கூட இல்லாமலும் நடந்திருக்கிறது. பார்லரில் முடி அலச, தொட்டி விளிம்பில் கழுத்தைப் பின்னால் மடித்துப் படுத்த 5 பெண்களுக்குப் பாதிப்பு வந்ததை 1993-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்தது. பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

லட்சக்கணக்கான பேர் சொடக்கு எடுத்துக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க, தெரியும். நானும் நல்லாத்தான் இருக்கேன். ஆனா கிடைக்கப்போறது அஞ்சு நிமிஷ சுகம், போகக்கூடியது என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். தலை மசாஜ் பண்ணிக்கோங்க. தாடையில் கை வந்தா, "அண்ணே, கழுத்து வேண்டாம்" என்று சொல்லிடுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார். நான் இப்ப அப்படித்தான் சொல்றேன்.

கடைசியா

எனக்கு என்ன மருந்து? மருந்தே இல்லை. லேப்டாப்புக்கு அடியில் ஆறு தடிப் புத்தகங்கள், தனியா ஒரு கீபோர்டு, 30 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து தண்ணி குடிக்கிற அலாரம். ஒரு சின்னப் பயிற்சி: மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி, தாடையை மெதுவாக உள்ளே இழுத்து அஞ்சு செகண்ட் நிறுத்துவது. ஆறு வாரத்தில் வலி வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது. இப்ப நீண்ட எடிட் நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும். எனக்கு இது கேட்டது. உங்க தலைவலி வேறாக இருக்கலாம்.

அதனால் இதை மட்டும் குறிச்சுக்கோங்க. திடீர்னு இடி மாதிரி வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ரெட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, அடிபட்ட பிறகோ சொடக்குக்குப் பிறகோ புதுசா வந்த கழுத்து வலி, இதில் எது இருந்தாலும் பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மத்தபடி, ராத்திரி ஒரு மணிக்கு கூகுள் பண்ணிப் பயந்துக்கிட்டு இருக்கிற யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, போனை வெச்சுட்டுத் தூங்குங்க. காலையில் ஒரு டாக்டர்கிட்ட போய், எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லாம, நாள் முழுக்க எப்படி உட்கார்றீங்க என்பதையும் சொல்லுங்க. நான் நாலு மாசமா சொல்லாம விட்டது அதைத்தான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். இப்ப கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.